சும்மா கிடைக்குமா பெரிய அறை?

பலாங்கொடைத் தோட்டமொன்றில் நடந்த மாதர் சங்கக் கூட்டத்தில் ஒரு தாய் கேட்டார்: "மிஸ், டுபாய்ல வேலை செய்யிற மகளை விடுமுறை விடுதியொன்றுல சேரச் சொல்றாங்களாம். சின்ன அறைக்குக் காசு கட்டினாப் போதுமாம், போனா பெரிய அறையே சும்மா தருவாங்களாம். நெசமா?"

மகளின் பல மாத உழைப்பு சம்பந்தப்பட்ட கேள்வி இது. எனவே தெளிவாகப் பார்ப்போம்.

இத்திட்டத்திற்கு டைம்ஷேர் என்று பெயர். ஒரு தொகையை முதலில் கட்டினால் ஆண்டுதோறும் சில நாட்கள் விடுதியில் தங்கலாம். தமிழ்நாட்டில் சென்னையைத் தளமாகக் கொண்டு 1986இல் ஸ்டெர்லிங் நிறுவனமும், 1996இல் மகிந்திரா நிறுவனமும் இத்தொழிலில் இறங்கின. கொடைக்கானல், ஊட்டி, மூணாறு போன்ற மலையூர்களில் இவற்றின் விடுதிகள் உள்ளன. கிளப் மகிந்திரா பல காலமாக விற்றுவந்த உறுப்புரிமை 25 ஆண்டுகளுக்கானது. ஆண்டுக்கு 7 நாட்கள் தங்கலாம். பருவங்கள் நிறங்களால் பிரிக்கப்பட்டுள்ளன. ஸ்டூடியோ, ஒரு படுக்கையறை, இரு படுக்கையறை என வீடுகளும் அளவுப்படி வேறுபடும். பெரிய வீடும் நெரிசலான பருவமும் வேண்டுமென்றால் விலையும் கூடும்.

இங்கேதான் விடை இருக்கிறது. சாதாரண ஹோட்டலில் விற்காத அறை முதலாளிக்குரியது. விரும்பினால் அவர் அதை விருந்தினருக்குச் சும்மா கொடுக்கலாம். டைம்ஷேரிலோ பெரிய வீட்டுக்கென்று கூடுதல் பணம் கட்டிய உறுப்பினர்கள் இருக்கிறார்கள். பள்ளி விடுமுறைக் காலத்தில் அவர்களுக்கே இடம் கிடைப்பது கடினம். அப்படியிருக்க, சிறிய அறைக்குக் கட்டியவருக்கு எப்படிக் கிடைக்கும்?

ஒருபோதும் கிடைக்காது என்றும் சொல்ல முடியாது. ஆள் குறைந்த பருவத்தில், யாராவது பயணத்தை நிறுத்திக்கொண்டால், அல்லது ஒதுக்கிய அறையில் பழுது ஏற்பட்டால் கிடைக்கலாம். அது விடுதியின் தயவு, நமது உரிமை அல்ல. அமெரிக்காவின் கிளப் வின்தம் நிறுவனம் தன் உயர்நிலை உறுப்பினர்களுக்கு, கடைசி வாரங்களில் பெரிய அறை வெறுமையாக இருந்தால் மாற்றித் தருகிறது. ஆனால் அந்த நிலையை அடைய அவர்கள் ஏற்கனவே பெருந்தொகை கட்டியிருக்க வேண்டும். ஆகவே அதுவும் இலவசமல்ல.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. முதலில் கட்டும் தொகையோடு கணக்கு முடிவதில்லை. பராமரிப்புக்கான ஆண்டுச் சந்தா தொடர்ந்து வரும். பயணச் செலவும் சாப்பாட்டுச் செலவும் வேறு. மகள் நாடு திரும்பிய பிறகு அந்தச் சந்தாவை யார் கட்டுவது?

சகோதரிகளே, இப்படியொரு அழைப்பு வந்தால் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். வாயால் சொன்ன சலுகை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாதது கிடைக்காது என்றே எண்ணுங்கள். 25 ஆண்டுச் சந்தாவையும் கூட்டி, அதே பணத்திற்கு வேண்டியபோது மட்டும் அறை எடுத்தால் என்ன செலவாகும் என்று ஒப்பிடுங்கள். அன்றே கையொப்பமிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தில், வாங்கியவர் 14 நாட்களுக்குள் மனம் மாறலாம் என்றும், அதுவரை முற்பணம் வாங்கக்கூடாது என்றும் விதித்தது. அவசரப்படுத்தி விற்கும் வழக்கம் இருந்ததால்தானே அப்படியொரு சட்டம் தேவைப்பட்டது?

நமது நாட்டில் ஏமாற்றப்பட்டதாகக் கருதினால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்திற்கு அழைத்து முறையிடலாம். வெளிநாட்டில் செய்த ஒப்பந்தமென்றால் அந்த நாட்டுச் சட்டத்தையே நாட வேண்டிவரும். அது தூரமான வழி. எனவே பிள்ளைகள் அங்கே பேனாவை எடுக்கும் முன்பே இந்த விடயத்தை அவர்களோடு பேசிவிடுங்கள்.