முதல் வகுப்பு வாசலில் – 9: மணலில் எழுதிய விரல்

அம்பத்தூர் ஓ.டி. அருகே, இரண்டு பள்ளிகளின் விண்ணப்பப் படிவங்களைக் கைப்பையில் வைத்துக்கொண்டு தவித்த தாயோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். ஒரு பள்ளியில் முதல் வகுப்பிலிருந்தே வாரத் தேர்வு. மற்றதில் இரண்டாம் வகுப்பு வரை தேர்வே கிடையாது.

இந்த வாரம் செயல்வழிக் கற்றல் வந்த கதையைச் சொல்வதாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாயின் வீட்டில், ஆவடியிலிருந்து வந்திருந்த அவருடைய ஓரகத்தி கேட்ட ஒரு கேள்வி என்னை வேறு பக்கம் இழுத்துப் போய்விட்டது.

"எம் பொண்ணு யு.கே.ஜி. முடிக்கும்போதே நூறு வரைக்கும் ஸ்பெல்லிங்கோட எழுதுனா. உன் பையன் இன்னும் மணல்லயே விளையாடிட்டு இருக்கான்."

"விளையாடலக்கா. மணல் தட்டுல 'அ' எழுதுறான்."

"இதுக்கா அவ்ளோ ஃபீஸு? இதெல்லாம் ஃபாரின்காரங்களுக்குச் சரி. நம்ம ஊருக்கு ஒத்துவருமா?"

மணல் தட்டு வெளிநாட்டிலிருந்து வந்த பொருள் என்றுதான் ஓரகத்திகள் இருவருமே நம்பிக்கொண்டிருந்தார்கள். மணல் இங்கிருந்துதான் அங்கே போனது. போன வழி தெரிந்த நாளிலிருந்து, பார்ப்பவர்களிடமெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதைக் கொண்டுபோன ஆண்ட்ரூ பெல் ஸ்காட்லாந்துக்காரர். ஊர் செயின்ட் ஆண்ட்ரூஸ். 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் ராணுவத்தாரின் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக நடந்த ஆண்கள் விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். அங்கே அகர வரிசை வகுப்பு நகரவே இல்லை. ஒரு நாள் காலை குதிரையில் போகும்போது ஒரு 'மலபார்' பள்ளியைப் பார்க்கிறார். அந்தக் காலத்துச் சென்னை ஆங்கிலேயர் மலபார் என்று சொன்னது பெரும்பாலும் தமிழரைத்தான். அங்கே பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, முன்னால் பரப்பிய மணலில் விரலால் எழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். தப்பினால் உள்ளங்கையால் ஒரு தடவு தடவிவிட்டு மறுபடி எழுதுகிறார்கள்.

பெல் உடனே திரும்பிப் போய், நம் பள்ளியிலும் இப்படிச் செய்யுங்கள் என்றார். உதவி ஆசிரியர் இது நடக்காது என்றார். அவரோடு மல்லுக்கட்டாமல், ஜான் ஃபிரிஸ்கன் என்ற 8 வயதுப் பையனிடம் வகுப்பை ஒப்படைத்தார் பெல். பெரியவரால் முடியாததை அந்தப் பையன் செய்து காட்டினான். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லித் தரும் முறை அங்கே அப்படி வேரூன்றியது. நம் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை செய்துவந்த வேலைதான் அது. 1797இல் பெல் லண்டனில் அதை நூலாக்கினார். 'மெட்ராஸ் முறை' என்று பெயர் பெற்ற அந்த முறையில் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான ஏழைப் பிள்ளைகள் படித்தார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸில் பெல்லின் பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றுதான் பெயர். எழும்பூர் விடுதியின் வழிவந்த செயின்ட் ஜார்ஜ் பள்ளி நிற்பது எங்கே தெரியுமா? பூந்தமல்லி நெடுஞ்சாலையில். இந்தத் தொடரின் பாதிப் பள்ளிகளுக்கு நான் போய்வரும் சாலை அது. இத்தனை வருஷம் அதைக் கடந்து போயும் எனக்கு இது தெரியாமல் இருந்திருக்கிறது.

அதற்காகத் திண்ணைப் பள்ளியை நான் தூக்கிவைக்கப் போவதில்லை. மணலில் எழுதிய அதே பிள்ளை எண்சுவடியைப் பொருள் தெரியாமலே தலைகீழாக ஒப்பித்தாக வேண்டும். தவறினால் பிரம்பு; சில இடங்களில் பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம். இன்று இரண்டு பெயர்ப்பலகைகளாகப் பிரித்து விற்கப்படும் 'செய்து கற்பது', 'மனப்பாடம்' இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தன. ஓரகத்தியின் பள்ளியும் அந்தத் தாயின் பள்ளியும் ஒரே திண்ணையின் இரு ஓரங்கள்.

பெல் போய் ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1939 நவம்பரில் மரியா மாண்டிசோரி அடையாறுக்கு வந்தார். தியசாபிகல் சொசைட்டி வளாகத்தின் ஓலைக் கொட்டகைகளில் முந்நூறுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய பயிற்சிப் பொருள்களில் ஒன்று உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்து. குழந்தை இரண்டு விரலால் அதைத் தடவிப் பழக வேண்டும். சொரசொரப்பு விரல் வழியாக மனதில் ஏறும் என்பது அவர் கணக்கு. இதைப் படித்தபோது எனக்கு விஜயதசமிதான் நினைவுக்கு வந்தது. தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து 'அ' எழுதவைக்கிறோம். மறுநாளே அந்தக் கையில் பென்சிலைத் திணித்து, இரண்டு கோட்டுக்குள் எழுது என்கிறோம். மூன்று வயதுப் பிள்ளையின் மணிக்கட்டிலுள்ள எட்டு எலும்புகளில் பாதிக்கு மேல் இன்னும் குருத்தெலும்புதான்.

நான் பலகையில் எழுதிப் பழகியவன். கோவையிலையும் கரியும் சேர்த்துத் தேய்த்தால் பலகை கருகருவென்று மின்னும். என் தப்பெல்லாம் அன்றன்றே அழிந்துபோயின. என் மகளின் முதல் வகுப்பு நோட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. 'ற'வின் வாலை எந்தப் பக்கம் இழுத்தாள் என்பதற்கு அத்தனை சாட்சி. அதைக் கையில் எடுத்தால் இப்போதும் எனக்கு வயிறு பிசைகிறது.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை இதைச் சொன்னதும் ஆவடிக்காரர், "அப்போ அவளுக்கு எழுதக் கொடுக்கறதெல்லாம் என்னது?" என்று கேட்டு, மகளின் டைரியை எடுத்து வந்தார். உட்கார்ந்து எண்ணினோம். ஒரே வாரத்தில் பதினொரு பக்கம். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அந்தத் தாயின் பையனைக் கூப்பிட்டு, "டேய், அந்த மணல் தட்டை எடுத்துட்டு வா. பெரியம்மாவுக்கு 'ற' போட்டுக் காட்டு" என்றார்.

செயல்வழிக் கற்றல் அடுத்த வாரம்தான். 2003இல் எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் அது தொடங்கியது. அங்கிருந்து, 2022இல் நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது வரை பார்க்க வேண்டும். ஆவடி அக்காவும் கூட வருகிறேன் என்றிருக்கிறார்.

(தொடரும்)