தோடிக்கு மூன்று பெயர்

மலேசியாவில் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரை பாட்டு வகுப்புகளுக்குக் குறைவில்லை. ஸ்வரப் புத்தகங்களுக்கும் குறைவில்லை. அப்படி ஒரு புத்தகம் நூலகத்துக்குப் போனால் பெரும்பாலும் ஒரே பதிவில் அடங்கிவிடும்: நூற்பெயர், பதிப்பாசிரியர், டியூயி முறையில் 780 என்னும் இசை எண். உள்ளே எத்தனை கீர்த்தனை இருந்தாலும் வெளியே தெரியாது. பாட வருபவர் தேடுவது பாட்டை. ஆகவே புத்தகத்தோடு நிற்காமல் உருப்படி உருப்படியாகப் பட்டியலிட வேண்டும் என்பேன்.

அது சுலபமான வேலையல்ல. மேற்கத்திய இசையிலும் இதே தொல்லைதான்: ஐரோப்பியப் பதிப்பகங்கள் பல தம் இசைத்தாள்களில் ஆண்டே போடவில்லை. பக்க அடியில் உள்ள அச்சுத்தகட்டு எண்ணை வைத்துத்தான் காலத்தைக் கணிக்கிறார்கள். 1952-இல் தொடங்கிய ரிஸ்ம் என்னும் பன்னாட்டு இசைப் பட்டியல், பாட்டின் தொடக்க ஸ்வரங்களையே அடையாளமாகப் பதிகிறது. நமக்குப் பல்லவியின் முதற்சொல், ராகம், தாளம், இயற்றியவர் போதும் எனத் தோன்றும். ராகத்தில்தான் சிக்கல். சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்தில் அச்சிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினி எட்டாவது மேளத்தை, அதாவது தாய்ராகத்தை, ஜனதோடி என்கிறது. இன்று பாடத்தில் அது ஹனுமத்தோடி. மேடையில் வெறும் தோடி. விவரம் தெரியாதவர் கையில் ஒரே ராகம் மூன்று இடத்தில் போய் உட்காரும். கல்யாணிக்கும் இதே கதி: சாந்தகல்யாணி, மேசகல்யாணி. ஒரு பெயரைத் தலைப்பாக நிறுத்தி, மற்றவற்றிலிருந்து அதற்கு வழிகாட்ட வேண்டும். மேள எண்ணையும் சேர்த்தால் இன்னும் நல்லது. இசை தெரிந்தவரை நூலகர் பக்கத்தில் உட்கார வைக்காமல் இது நடக்காது. அந்தச் செலவுக்குத்தான் எவருக்கும் மனம் வருவதில்லை.

ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டால் போதாதா என்பார்கள். தமிழ் ஸ்வர எழுத்தில் ஸ்தாயியைச் சொல்வது மேலோ கீழோ வைக்கும் ஒரு புள்ளி. நீட்டத்தைச் சொல்வது காற்புள்ளியும் அரைப்புள்ளியும். மங்கலான படத்தில் முதலில் காணாமல் போவது அந்தப் புள்ளிதான். தவிர, பெயரில்லாத கோப்பை யார் தேடி எடுப்பது?

குருமுகமாக வரும் கலைக்குக் காகிதம் எதற்கு என்பது வலுவான ஆட்சேபம். ஆனால் பாடாந்தரம் ஆளுக்கு ஆள் மாறுவதால்தான் அச்சுப் பிரதிக்கு மதிப்பு. மாற்றத்தை எதோடு ஒப்பிடுவது? அச்சிட்ட ஸ்வரத்தை ஆசிரியர் பென்சிலால் அடித்துத் திருத்தியிருந்தால், காகிதத்தில் ஏறிய குருமுகம் அதுவே. ஆனால் அப்படிப்பட்ட பிரதி தானாக நூலகம் வந்து சேராது. மலேசியாவில் அச்சாகும் நூல்களைத் தேசிய நூலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 1986-இலேயே சட்டம் வந்துவிட்டது. சென்னையில் அச்சாகி இங்கே வந்த, பென்சில் திருத்தம் ஏறிய பிரதிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. யாராவது கேட்டு வாங்கினால்தான் அது நூலகத்துக்கு வரும். வந்ததும் பைண்டிங்குக்கு அனுப்பி ஓரத்தை வெட்டாமல், திருத்தம் உள்ள பக்க எண்களைப் பதிவிலேயே குறித்துவிட வேண்டும்.