நோவுக் குளிசைக்கு அடிமையானவரை எங்கே சேர்ப்பது?

ஷெல் காயத்துக்கும் நாரி நோவுக்கும் கொடுக்கப்படும் ட்ரமடோல், அபின் இனத்தைச் சேர்ந்த குளிசை. அதற்கு அடிமையானவரைச் சேர்க்க நிலையம் தேடி வருவோரிடம் நாம் சொல்வது இது: கட்டணத்தைக் கேட்குமுன், அங்கே வைத்தியர் உண்டா என்று விசாரியுங்கள். நெடுநாள் எடுத்த குளிசையைச் சடுதியாக நிறுத்தினால் வயிற்றோட்டம், நடுக்கம், நித்திரையின்மை, சிலருக்கு வலிப்பும் வரலாம். அளவைப் படிப்படியாகவே குறைக்க வேண்டும். அடித்தும் அறையில் பூட்டியும் திருத்துகிறோம் என்போரிடம் அவரை விடாதீர்கள்.

நோவுக்கு அங்கே என்ன வைத்தியம்? இதை அநேகர் கேட்பதில்லை. நாரி நோவு அப்படியே இருந்தால் அவர் மறுபடி குளிசையைத்தானே தேடுவார்!

வீடு திரும்பியபின்னும் கிளினிக் தொடருமா என்றும் கேளுங்கள். சில கிழமை விட்டிருந்த உடல் பழைய அளவைத் தாங்காது. அதே எண்ணிக்கையை விழுங்கினால் மூச்சு நின்றுவிடக்கூடும். வீட்டில் மிஞ்சிய குளிசைகளை அவர் வருமுன்னே ஆஸ்பத்திரியில் ஒப்படையுங்கள்.