கடைசி ஓவருக்குக் கூப்பிடு நடராஜனை!

2021 மார்ச் 28. புனே நகரில் இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் கிரிக்கெட் பந்தயம்.

இந்தியா 329 ரன் எடுத்துவிட்டது. இங்கிலாந்து விரட்டிக்கொண்டு வருகிறது. பாக்கி இருப்பது ஒரே ஓவர். 6 பந்தில் 14 ரன் அடித்தால் இங்கிலாந்துக்கு வெற்றி. மட்டையோடு நிற்பவர் சாம் கரன். அன்றைக்கு அவர் அடித்த அடியில் பெரிய பெரிய பந்து வீச்சாளர்களே திணறிப் போனார்கள்.

பந்தை யாரிடம் கொடுப்பது?

காப்டன் விராட் கோலி பந்தைக் கொடுத்தது, சேலம் ஜில்லாக்காரரான நடராஜனிடம்! 6 பந்தில் அவர் விட்டது 6 ரன்தான். கரன் 95 ரன்னோடு நின்றார். இந்தியா 7 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது.

அமெரிக்காவில் இதற்கே தனி ஆள்

கடைசி நேரத்தில் வந்து ஆட்டத்தைக் காப்பாற்றுவது லேசுப்பட்ட வேலை அல்ல. அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம் உண்டு. அதில் முதலில் பந்து வீசியவர் களைத்துப் போனால், அதுவரை வெளியே உட்கார்ந்திருந்தவரை உள்ளே கூப்பிடுவார்கள். ஆட்டத்தை முடித்துக் கொடுப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆட்களும் உண்டு.

அவர்களில் பெரும் புகழ் பெற்றவர் மரியானோ ரிவேரா. பனாமா நாட்டு மீனவரின் மகன். சிறு வயதில் பால் அட்டைப் பெட்டியைக் கையுறையாக மாட்டிக்கொண்டு விளையாடியவர். நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக 1995 முதல் 2013 வரை ஆடி, 652 ஆட்டங்களைக் கடைசியில் வந்து காப்பாற்றினார். அவர் பெரும்பாலும் நம்பியது ஒரே வகைப் பந்தைத்தான்!

நம் நடராஜனுக்கும் அப்படி ஓர் ஆயுதம் உண்டு. அதுதான் யார்க்கர். மட்டையாளரின் காலடியிலேயே வந்து குத்தும் பந்து. ஓங்கி அடிக்க இடமே கிடைக்காது. கொஞ்சம் தவறினால் பந்து எல்லைக்கோட்டுக்கு வெளியே பறந்துவிடும். அதனால்தான் அதைப் போட எல்லோரும் பயப்படுகிறார்கள்.

தறித் தொழிலாளியின் மகன்

அம்மாபேட்டைக்காரர்களுக்குத் தறியைப் பற்றி யாரும் சொல்ல வேண்டியதில்லை. நடராஜன் வீட்டிலும் தறிதான் சோறு போட்டது. ஊர் சின்னப்பம்பட்டி. சேலத்திலிருந்து 40 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. தந்தை தங்கராசு தறிக் கூலித் தொழிலாளி. தாயார் ரோட்டோரத்தில் சிறு கடை வைத்திருந்தார். பிள்ளைகள் 5 பேர். மூத்தவர் நடராஜன்.

20 வயது வரை அவர் ஆடியதெல்லாம் டென்னிஸ் பந்து கிரிக்கெட்தான். யார்க்கர் கைவந்ததும் அதில்தான். அதே ஊர் ஜெயப்பிரகாஷ் என்பவர் அவருடைய திறமையைக் கண்டு, சென்னைக்கு அனுப்பி வைத்தார். அந்த நன்றியை நடராஜன் மறக்கவில்லை. பிற்காலத்தில் தம் சட்டையில் 'ஜே.பி. நட்டு' என்று பெயர் போட்டுக்கொண்டார்.

சென்னையில் நான்காம் டிவிஷனில் தொடங்கி, 2015 ஜனவரியில் தமிழ்நாட்டுக்காக ரஞ்சி பந்தயத்தில் இறங்கினார். உடனே வந்தது சோதனை. கை மடங்குகிறது, வீசும் முறை சரியில்லை என்று புகார்! நடராஜன் மனம் உடைந்துவிடவில்லை. பயிற்சியாளர்களிடம் போய், வீசும் முறையையே புதிதாகப் பழகினார்.

2017 ஐ.பி.எல். ஏலத்தில் அவருக்கு அடிப்படை விலை 10 லட்சம். பஞ்சாப் அணி எடுத்தது 3 கோடிக்கு! ஆனால் அந்த ஆண்டு ஆடியது 6 ஆட்டம்தான். அடுத்து ஐதராபாத் அணி எடுத்தது. 2018, 2019 இரண்டு ஆண்டும் ஓர் ஆட்டம்கூட இல்லை. உட்கார்ந்தே இருந்தார், பயிற்சியை மட்டும் விடவில்லை.

வலைக்குப் போனவர் களத்தில் இறங்கினார்

2020இல் கதவு திறந்தது. அந்த ஐ.பி.எல்.லில் 16 விக்கெட். தென்னாப்பிரிக்க வீரர் டி வில்லியர்சின் ஸ்டம்பையே ஒரு யார்க்கர் பெயர்த்தது!

பிறகு இந்திய அணியுடன் ஆஸ்திரேலியாவுக்குப் போனார். எதற்கு? வலைப் பயிற்சியில் மற்றவர்களுக்குப் பந்து போட்டுக் கொடுக்க. அங்கே ஒருவர் பின் ஒருவராக வீரர்கள் காயப்பட்டார்கள். ஒவ்வொரு முறையும் நடராஜனைக் கூப்பிட்டார்கள். டிசம்பர் 2இல் ஒரு நாள் பந்தயம், 4இல் டி20, 2021 ஜனவரி 15இல் பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் இவரே!

அந்த டெஸ்டில் முதல் இன்னிங்சில் 3 விக்கெட். 1988க்குப் பிறகு ஆஸ்திரேலியா தோற்காத மைதானத்தில் இந்தியா ஜெயித்தது. காப்டன் ரஹானே கோப்பையை நடராஜன் கையில் கொடுத்தார். ஊர் திரும்பியபோது சின்னப்பம்பட்டியில் சாரட்டு வண்டியில் ஊர்வலம்!

முழங்கால் மறித்தது

பிறர் காயத்தால் வந்த வாய்ப்பு, தம் காயத்தால் போயிற்று. 2021 ஏப்ரலில் நடராஜனுக்கு முழங்காலில் ஆபரேஷன். புனே பந்தயத்துக்கு அடுத்த மாதமே இது நடந்தது. அதற்குப் பின் நான்கு ஆண்டுகள் கழிந்தும் இந்திய அணியிலிருந்து அழைப்பு வரவில்லை. 1 டெஸ்ட், 2 ஒரு நாள் பந்தயம், 4 டி20. இந்தியாவுக்காக அவர் ஆடிய கணக்கு அவ்வளவுதான்.

ஆனாலும் ஓய்ந்துவிடவில்லை. ரிவேராவும் 2012இல் முழங்கால் கெட்டு, மறு ஆண்டு திரும்பி வந்தவர்தானே! நடராஜன் ஐ.பி.எல்.லில் 2022இல் 18 விக்கெட்டும், 2024இல் 19 விக்கெட்டும் எடுத்தார். அடுத்த ஏலத்தில் டெல்லி அணி 10 கோடியே 75 லட்சம் கொடுத்து அவரை எடுத்தது. 2025 பருவத்தில் மறுபடியும் பெரும்பாலும் வெளியே உட்கார்ந்திருந்தார். எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாமலே தயாராக இருப்பதுதான் இந்தத் தொழில்.

சம்பாதித்த பணத்தில் சின்னப்பம்பட்டியிலேயே ஒரு கிரிக்கெட் மைதானம் கட்டினார். 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் அதைத் திறந்து வைத்தார்.

அந்த ஊர்ப் பையன்கள் நல்ல ஆடுகளத்தில் தோல் பந்தைத் தொட, இனி 20 வயது வரை காத்திருக்க வேண்டியதில்லை.