துருப்பிடித்த மனம்

ரயில்வே தண்டவாளப் பராமரிப்பில் 36 ஆண்டுகள் கழித்தவன் நான். வண்டி ஓடாத தண்டவாளம் துருப்பிடிக்கும். ஓய்வுக்குப் பின் என் மனமும் அப்படித்தான் ஆயிற்று. தூக்கம் போயிற்று, மனைவியுடன்கூடப் பேச்சுக் குறைந்தது.

சான் பிரான்சிஸ்கோவில் மகள் தொண்டு செய்யும் யூதர் குடும்ப நல அமைப்புக்கு என்னையும் அழைத்துச் சென்றாள். 1850இல் அங்கு குடியேறிய யூதர்கள் தம்மவருக்காகத் தொடங்கியது. இன்று மதபேதமின்றி மனநல ஆலோசனையும் முதியோர் பராமரிப்பும் தருகிறது. தர்மத்துக்கு அவர்கள் சொல்லும் 'ட்செதாக்கா'வின் வேர்ப்பொருள் நீதி. கொடுப்பது தயவல்ல, கடமை.

தனித்திருந்த முதியவர் ஒருவருடன் ரயில் கதை பேசினேன். "அடுத்த வாரமும் வருவீர்களா?" என்றார். அன்றிரவு தூங்கினேன்.

நம்மை ஒருவர் எதிர்பார்க்கிறார் என்பதே பாதி மருந்து. மீதிப் பாதிக்கு மருத்துவரை நாடத் தயங்காதீர்கள். 14416 என்ற இலவச அரசு எண்ணும் உண்டு. நம் சங்கத்திலும் தனித்திருக்கும் பெரியவர்களைப் பார்த்து வருவோமே!