கழிமுகக் குறிப்புகள் – 9: முழங்கால் ஆழத்தில் பழவேற்காடு

சென்ற வாரம் எண்ணூரின் சாம்பல் படிந்த கரையில் நின்றிருந்தோம். அங்கிருந்து வடக்கே வந்து, பொன்னேரியில் பேருந்து ஏறி, திருப்பாலைவனத்தைத் தாண்டியதும் காற்றில் உப்பும் கருவாடும் மணக்கத் தொடங்கும். பழவேற்காடு வந்துவிட்டது என்று நடத்துநர் சொல்லவேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இறங்கியதும் கேட்கும் முதல் கேள்வி: "போட்டிங் உண்டா?" இல்லை. 2011 கிறிஸ்துமஸ் அன்று சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் உல்லாசப் படகுக்குத் தடை. காதோரம் வந்து "கூட்டிட்டுப் போறேன் சார்" என்பவர்கள் இன்றும் உண்டு. போகாதீர்கள். ஆபத்து ஒருபுறம் இருக்கட்டும், போகத் தேவையே இல்லை. இந்த ஏரியின் அழகு அதன் ஆழமின்மையில் இருக்கிறது. அதைப் பார்க்கப் பாலமே போதும்.

சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உப்பங்கழி இதுதான். பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு முனை மட்டும் நமக்கு. ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் நன்னீர் கொண்டுவர, முகத்துவாரம் வழியே கடல் உள்ளே வருகிறது. இவ்வளவு பரந்த நீர், பல இடங்களில் இடுப்புக்குக்கூட வராது.

பூநாரைகள் வருவது அதற்காகத்தான். மழைக்காலத்தில் ஏரி நிரம்பியிருக்கையில் அவற்றைத் தேடுவது வீண். தை, மாசியில் நீர் இறங்கியபின் விடியலில் வாருங்கள். காலால் சேற்றைக் கலக்கி, அலகைத் தலைகீழாக நீருக்குள் கவிழ்த்து, கலங்கலை உறிஞ்சி வடிகட்டும். வடிகட்டியில் தங்கும் பாசியும் சிற்றுயிர்களும்தான் இறகுக்கு அந்த இளஞ்சிவப்பைக் கொடுக்கின்றன. நீர் ஒரு முழம் கூடினால் நின்றபடி மேய முடியாது. கூட்டம் வேறு திட்டுக்கு நகர்ந்துவிடும்.

அதே சேற்றில் மனிதர்களும் மேய்கிறார்கள். லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போகும் பாலத்திலிருந்து குனிந்து பார்த்தால், இருளர் பெண்கள் வரிசையாக நீரில் அமர்ந்த வாக்கில் நகர்ந்துகொண்டிருப்பார்கள். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. இரு கைகளும் நீருக்கடியில் சேற்றைத் துழாவும். ஓலையில் பின்னிய பறியைப் பல்லில் கடித்துப் பிடித்திருப்பார்கள். விரலில் தட்டுப்படும் இறால் நேராக அதற்குள் போகும். "எவ்வளவுக்கா கெடைச்சுது?" என்று மேலிருந்து கேட்டேன். வாயில் பறி இருக்க எப்படிப் பதில் சொல்வார்? தலையை மட்டும் ஆட்டினார். அது நிறையவா, குறைவா என்று தெரியவில்லை. மணிக்கணக்கில் உப்புநீரில் ஊறி வெளுத்த விரல்கள்; சிப்பி கிழித்த கோடுகள் வேறு.

இறால் கடலில் முட்டையிடும்; குஞ்சுகள் முகத்துவாரம் வழியே கழிக்குள் வந்து வளரும். முகத்துவாரம் மணல் அடைத்துக்கொண்டால் குஞ்சு வராது, படகும் கடலுக்குப் போகாது. மீனவர்கள் தாங்களே மண்வாரி வழி வெட்டியதும் உண்டு. யார், எங்கே, எந்த நாளில் வலை போடுவது என்பதற்கு ஊர்க்கட்டுப்பாடாக 'பாடு' முறை இருக்கிறது. நல்ல இடம் ஒருவருக்கே நிலைக்காமல் முறைவைத்து மாறும். ஏரி குறுகக் குறுக, பாட்டுக்குள் வருவது யார், வெளியே நிற்பது யார் என்ற சண்டையும் கூடுகிறது.

அமைதியான ஊர் என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் டச்சுக் கல்லறைத் தோட்டத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். வாசலில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் வரவேற்கும். ஒன்றின் தலையில் மணற்கடிகாரம். 1613இல் கெல்டிரியா கோட்டை எழும்பி, 1690 வரை சோழமண்டலக் கரையின் டச்சுத் தலைமையிடம் இதுவே. பெரிய கப்பல்கள் கடலில் நங்கூரமிட, சரக்கு படகுகளில் போய்வந்தது. இங்கிருந்து போனது துணி மட்டுமல்ல. வெடிமருந்து ஆலை இருந்தது. அடிமைகளாக விற்கப்பட்ட மனிதர்கள் பத்தாவியாவுக்கு ஏற்றப்பட்டார்கள். கல்லறைகளில் வணிகர்களின் பெயர்கள் அழகாக வெட்டப்பட்டிருக்கின்றன. ஏற்றப்பட்டவர்களுக்கு இங்கே ஒரு கல்லும் இல்லை. கோட்டை இப்போது புதர் மண்டிய மேடு. தெரியாதவர்கள் கடந்து போய்விடுவார்கள்.

மதியத்துக்குள் பசித்துவிடும். கரைச் சந்தையில் கழி நண்டு கயிற்றால் கட்டி உயிரோடு இருக்கும். பெரிதைவிடக் கனமானதாகப் பார்த்து எடுங்கள். தோடு மாற்றிய நண்டு பெரிதாகத் தெரியும், உள்ளே சதையிருக்காது. பேரம் பேசலாம், ஆனால் இறால் கூறு வைத்திருக்கும் பெண்களிடம் வேண்டாம். பாலத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அந்த விலை அதிகமாகத் தெரியாது.

அடுத்த வாரம் சூளூர்ப்பேட்டை வழியாக நேலப்பட்டு. அங்கே கூழைக்கடாக்கள் நீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன, மீனுக்கோ இந்த ஏரிக்குத்தான் வருகின்றன.