பெரிய சக்கரமா, சின்னச் சக்கரமா?

மலைப்பாதை சைக்கிளுக்கு 26 இஞ்ச் சக்கரம் நல்லதா, 29 இஞ்சா?

40 கிலோ பாரம் தாங்கும் சக்கரம், 5 செ.மீ. உயரக் கல்லில் ஏறணும். மெக்கானிக்ஸில் படித்த திருப்புத்திறன் கணக்கைப் போட்டேன். டயரோடு 33 செ.மீ. ஆரமுள்ள 26 இஞ்சுக்கு, அச்சில் கிடைமட்டமாக 25 கிலோ விசை வேண்டும். 37 செ.மீ. ஆரமுள்ள 29-க்கு 23 போதும். ஆனால் சின்னச் சக்கரம் எடை குறைவு. சட்டென வேகம் பிடிக்கும், லேசாகத் திரும்பும். சைக்கிளின் உயரமும் குறையும்.

என் அப்பா பள்ளிக்கூடம் போகாதவர். 28 இஞ்ச் சைக்கிளில் மூட்டை ஏற்றுபவர். தங்கைக்கு சைக்கிள் வாங்கும் முன் கணக்கைக் காட்டினேன்.

"பெரிய வீலு குண்டுகுழில அமுங்காதுடா, தெரியும். ஆனா பாப்பாவுக்குக் கால் எட்டணுமில்ல?" என்றார்.

26-தான் வாங்கினோம். முழு மதிப்பெண் அப்பாவுக்கே!